அத்தியாயம் 6: குளிர்காலம் இல்லாத ஊரில் முதல் ஜூனிப்பர்

ஜூனிப்பர் போன்சாய் பற்றிக் கிடைக்கும் நூல்களில் பெரும்பாலானவை ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. வசந்தம் பிறக்கும் முன் தொட்டி மாற்று, இலையுதிர் காலத்தில் கம்பி கட்டு என்று அவை பருவம் குறித்துச் சொல்லும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள பத்து பாகாட்டில் அந்தப் பருவங்கள் வருவதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து 2 டிகிரிகூட வடக்கே தள்ளி இல்லாத ஊர் இது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கால் மணி நேர வித்தியாசம்கூட இல்லை. டோக்கியோவிலோ டிசம்பர் பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் பகல் ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம். பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது அங்குள்ள ஜூனிப்பர் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு இளைப்பாறும். நம் ஊர் வானம் அதற்கு அப்படி விடுமுறை கொடுப்பதில்லை.

அதனால் இங்கே ஜூனிப்பர் வளராது என்று நினைக்க வேண்டாம். சரியான வகை ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆனால் எப்போதும் துளிர்க்கிறதே என்று எப்போதும் கத்தரி வைத்தால், சேமிப்பு இல்லாமல் ஓடாய்த் தேய்ந்து ஒருநாள் நின்றுபோகும். குளிர் தராத ஓய்வை வளர்ப்பவர்தான் தர வேண்டும். ஒரு பெரிய வேலை, பிறகு சில மாத ஓய்வு, அதற்குப் பிறகே அடுத்த வேலை. இந்த அத்தியாயத்தின் எல்லா அறிவுரைகளும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவையே.

எந்த ஜூனிப்பர்?

ஜூனிப்பர் பேரினத்தில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய அனைத்தும் பூமியின் வட பாதிக்குரியவை. மலேசியக் காட்டுக்குச் சொந்தமான ஜூனிப்பர் எதுவும் இல்லை. தாழ்நிலத்தின் ஈர வெப்பத்தில் நம்பி வளர்க்கத் தக்கவை சீன ஜூனிப்பரும் அதன் வகைகளும்தான். தைவானிலும் இந்தோனேசியாவிலும் வெப்பமான சமவெளியிலேயே இவற்றைப் பலர் வளர்க்கிறார்கள்.

நர்சரியில் இரண்டு பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது ஷிம்பாக்கு. செதில் செதிலான, நெருக்கமான இலை. தொடங்குபவருக்கு இதைவிட நல்லது இல்லை. இதிலேயே இத்தொய்காவா என்பது மெல்லிய, பளிச்சென்ற பச்சை. கிஷு சற்றுத் தடித்த, அடர்ந்த நிறம். இரண்டும் நல்லவை, விலைதான் கூடுதல். இரண்டாவது கைசுக்கா. வீட்டு வாசல்களிலும் சீனக் கோயில் முற்றங்களிலும் தீக்கொழுந்துபோல முறுக்கி மேலெழும் மரம் அதுதான். எளிதில் கிடைக்கும், முரட்டுச் செடி, கம்பிக்கு அவ்வளவாக மசியாது. ஆனால் சாகாமல் காத்துப் பழகுவதற்கு ஏற்றது.

அமெரிக்கக் காணொளிகளில் அடிக்கடி வரும் தரையில் படரும் குட்டை வகையை, அதாவது ப்ரோகும்பென்ஸ் நானாவை, நம் சமவெளிக்கு முதல் செடியாக நான் சொல்ல மாட்டேன்.

வகையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் செடி கடந்த ஒரு வருடம் எங்கே இருந்தது? கேமரன் மலையில் தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே செழித்த செடியை நேரே இங்கே இறக்கினால் அதற்கு வெப்பத்தோடு போராடவே நேரம் போதாது. ஜொகூர்ச் சமவெளி நர்சரியில் குறைந்தது ஒரு வருடம் நின்று, இங்கேயே புதுத் துளிர் விட்ட செடியை வாங்குங்கள். சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ பிடித்த செடியைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிடவும் கூடாது. தாவரம் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். எல்லையில் அதிகாரிகள் சோதிப்பார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. அடிமரம் பெருவிரல் பருமனாவது இருக்கட்டும். உயரம் முக்கியமில்லை, உயரத்தை எப்படியும் குறைக்கப் போகிறோம்.
2. தண்டுக்கு அருகிலேயே பச்சை இருக்க வேண்டும். நுனியில் மட்டும் குஞ்சம் கட்டிய செடி வேண்டாம்.
3. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தொட்டிக்குள் ஆடினால் அண்மையில்தான் மாற்றி நட்டிருக்கிறார்கள் என்று பொருள்.
4. நுனிகள் மற்ற இலைகளைவிட வெளிர் பச்சையாகத் தெரிய வேண்டும். அதுதான் வளர்கிறது என்பதற்குச் சான்று.
5. மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டிய பரிசுக்கடைச் செடியைத் தொடாதீர்கள். உள்ளே வேர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியே இருக்காது.

ஐந்தாறு வாரமாவது வாங்கிய பையிலேயே உங்கள் வீட்டில் வையுங்கள். உங்கள் வெயிலும் உங்கள் நீரும் அதற்குப் பழகட்டும். கத்தரி அதற்குப் பிறகு.

எங்கே வைப்பது, எப்போது தொடங்குவது?

ஜூனிப்பர் வீட்டுக்குள் வாழாது. தாமான் வீடுகளில் கார் நிற்கும் கூரைக்கு அடியிலும் வாழாது. மெல்ல மெல்ல வெளுத்துச் சாகும். தினமும் 5 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். காலை வெயில் முழுதாகவும், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு சற்றே நிழலும் கிடைத்தால் மிக நல்லது. சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டாம், அந்தச் சூடு வேரைச் சுடும். இடுப்பளவு உயரத்தில் பலகை போட்டு வையுங்கள். காற்று அடியிலும் ஓடும். மழை மண்ணைத் தெறிக்காது. 2023 மார்ச்சில் ஜொகூரை வெள்ளம் தாக்கியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது பத்து பாகாட் மாவட்டம்தான். தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்குப் பலகையின் உயரம் அழகு சார்ந்த விஷயமே இல்லை.

வடிவமைக்க ஏற்ற காலம் தைப்பூசத்தை அடுத்து வரும் வாரங்கள். பெரும்பாலும் அப்போது மழை குறைந்து வெயில் நிலைத்திருக்கும். தவறினால் ஜூன், ஜூலை. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி கொட்டும். புதுக் காயங்களில் பூஞ்சை ஏற அதுவே தோதான நேரம். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் நாட்களிலும் கத்தரியை எடுக்க வேண்டாம். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகை சூழ்ந்தது. அத்தகைய நாட்களில் மரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, காலையில் இலைகளைத் தண்ணீரால் கழுவிவிடுவது மட்டும்தான்.

கருவிகள்

முதல் மரத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். கூர்மையான சிறு கத்தரி ஒன்று, தடித்த கிளைக்கு ஒரு வெட்டுக்குறடு, கம்பியை வெட்ட ஒரு கம்பிவெட்டி, பட்டையை உரிக்க ஒரு மூக்குக்குறடு, வேரைக் கிளற ஒரு சாப்ஸ்டிக். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கச் சுழலும் தட்டு ஒன்று இருந்தால் கழுத்துக்கு நல்லது. கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் இடையே எரிசாராயத்தால் துடையுங்கள்.

கம்பியில் இரண்டு வகை. செம்புக் கம்பியைச் சுட்டுப் பதப்படுத்தித் தருவார்கள். பிடிப்பு அதிகம், ஒருமுறை வளைத்தால் இறுகிவிடும், திருத்த முடியாது. அலுமினியக் கம்பி மென்மையானது, தவறாகச் சுற்றினாலும் கழற்றிக்கொள்ளலாம். தொடங்குபவருக்கு அலுமினியமே போதும். 1.5, 2.5, 4 மில்லிமீட்டர் என மூன்று அளவு வாங்குங்கள்.

முதல் நாள்: வெட்டாமல் பார்ப்பது

முதல் நாள் கத்தரி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சாப்ஸ்டிக்கால் மேல்மண்ணைக் கிளறி விலக்குங்கள். நர்சரிச் செடியில் தண்டின் உண்மையான அடி பெரும்பாலும் ஓரிரு அங்குலம் மண்ணுக்குள் புதைந்திருக்கும். முதல் தடித்த வேர்கள் தெரியும் வரை தோண்டுங்கள். அந்த வேர்ப்பரப்பைத்தான் போன்சாய்க்காரர்கள் நெபாரி என்கிறார்கள். மரத்துக்கு வயதேறிய தோற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு மரத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பின்னால் வெள்ளைத் துணி தொங்கவிட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறோம்.

முகப்பு எது? வேர்ப்பரப்பு அகலமாகத் தெரியும் பக்கம், தண்டின் வளைவு தெளிவாகத் தெரியும் பக்கம், மரத்தின் தலை பார்ப்பவரை நோக்கிச் சற்றே சாயும் பக்கம். மூன்றும் ஒன்றாக அமைவது அரிது. முதலிரண்டு அமைந்தால் போதும், தலையைக் கம்பியால் சாய்த்துக்கொள்ளலாம். கீழ்ப்பகுதியில் கண்ணைக் குத்துவது போல நேரே நீளும் கிளை இருந்தால் அது முகப்பு ஆகாது.

தண்டின் ஓட்டம் எது? நர்சரி ஜூனிப்பரில் இரண்டு மூன்று தண்டுகள் போட்டி போட்டு எழுந்திருக்கும். அடியிலிருந்து நுனிவரை பருமன் படிப்படியாகக் குறையும் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பருமனைப்போல ஏறக்குறைய 6 மடங்கு உயரம் என்பது பழைய கணக்கு. 3 சென்டிமீட்டர் அடிக்கு 18 சென்டிமீட்டர். ஒன்றிரண்டு மடங்கு கூடினாலும் குறை இல்லை.

எந்தப் பாங்கு? நேர்குத்தாக நிற்கும் மரம் பார்க்க எளிது, செய்வது கடினம். ஒரு சிறு பிசகும் பளிச்சென்று தெரியும். வளைந்து எழும் மொயோகி, ஒருபக்கம் சாயும் ஷாக்கான் ஆகிய இரண்டும் முதல் மரத்துக்கு ஏற்றவை. மலைமுகட்டிலிருந்து தொங்குவது போன்ற கெங்காய்ப் பாங்கு ஜூனிப்பருக்கு அழகு சேர்க்கும் என்றாலும், மேல்நோக்கி வளரும் இயல்புள்ள செடியின் தாழ்ந்த நுனியைப் பலமாக வைத்திருப்பது தனிப் பயிற்சி. அதை இரண்டாவது மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போக வேண்டிய கிளைகளில் சிவப்பு நூல் கட்டுங்கள். அந்தக் கிளையைக் காகிதத்தால் மறைத்து, அது இல்லாமல் மரம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து, மறுநாள் படத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். நேரில் கண்ணுக்குத் தப்பியது படத்தில் அகப்படும்.

இரண்டாம் நாள்: வெட்டு

கத்தரி வைக்கும் முன் ஜூனிப்பரின் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, இதன் உயிர் இலையில் இருக்கிறது. ஆலும் அரசும் மொட்டைக் கட்டையிலிருந்தும் துளிர்க்கும். வேரிலும் தண்டிலும் இருக்கும் சேமிப்பு அவற்றைக் காப்பாற்றும். ஜூனிப்பர் அப்படி இல்லை. பச்சை முழுவதும் போன கிளை செத்த கிளைதான். முதிர்ந்த கட்டையில் புதுத் துளிரை எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே எந்தக் கிளையைக் குட்டையாக்கினாலும், வெட்டும் இடத்துக்கு உள்ளே பச்சை மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தே வெட்ட வேண்டும்.

இரண்டு, ஒரே அமர்வில் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிகம் எடுத்தால் மரம் செதில் இலையை விட்டுவிட்டுக் குத்தும் ஊசி இலையாக விடத் தொடங்கும். அது இளஞ்செடியின் இலை. தளர்ந்த ஜூனிப்பர் அதற்குத்தான் திரும்பும். மீண்டும் செதில் இலை வர ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம்.

இனி வெட்டும் வரிசை:

1. காய்ந்தவை, பழுப்பேறியவை, கிளைக்கவட்டில் சிக்கிய தூசு, இவற்றை முதலில் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பாதி மரம் அப்போதே தெளிவாகும்.
2. போட்டித் தண்டுகளை வெட்டுங்கள். அடியோடு வழித்துவிடாமல் 4 சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டையாக விடுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.
3. தண்டு வளைவின் உட்புறம் முளைத்த கிளைகள், ஒரே மட்டத்தில் எதிரெதிரே நீளும் கிளைகள், ஒரே இடத்திலிருந்து மூன்று நான்காகக் கிளம்பும் கிளைகள், இவற்றில் ஒன்றை வைத்து மற்றதை எடுங்கள். வளைவின் வெளிப்புறக் கிளைகளே மிஞ்ச வேண்டும்.
4. மிஞ்சிய ஒவ்வொரு கிளையின் அடிப்பக்கத்திலும் தொங்கும் சிறு தளிர்களை நீக்குங்கள்.
5. கிளையின் உட்பகுதியில், தண்டுக்கு அருகே உள்ள மெல்லிய தளிர்களை மட்டும் தொடவே வேண்டாம். பார்க்கச் சோனியாக இருக்கும். நாளைக்குக் கிளையைக் குட்டையாக்க உதவப்போவது அவைதான்.

இலைக்கொத்தின் குறுக்கே கத்தரிக்காதீர்கள். வெட்டுப்பட்ட நுனிகள் பழுப்பாகும். நீண்ட தளிரைப் பிரித்து, அதன் பழுப்புநிறத் தண்டு தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். நுனிகளையெல்லாம் விரலால் கிள்ளிக் கிள்ளி உருண்டையாக்கும் பழக்கமும் வேண்டாம். வளரும் நுனிகள் அனைத்தையும் ஒருசேரப் பறிப்பது, சம்பாதிப்பவர்கள் எல்லாரையும் வேலையிலிருந்து நிறுத்தியதற்குச் சமம்.

பங்குக் கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் நூல் கட்டிய கிளைகள் மிச்சமிருக்கின்றனவா? நூல் அப்படியே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அவற்றை வெட்டலாம்.

கம்பி கட்டுதல்

கம்பி கட்டும் நாளன்று காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நீர் நிறைந்து விறைத்த கிளை ஒடியும். சற்றே தளர்ந்தது வளையும்.

கிளைப்பருமனில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பியை எடுங்கள். ஐயம் வந்தால் கம்பி நுனியால் கிளையை அழுத்திப் பாருங்கள். கிளை வளைந்தால் கம்பி போதும். கம்பி வளைந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள். கிளையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

தண்டுக்கான கம்பியைப் பின்பக்கத்தில் மண்ணுக்குள் அடிவரை குத்தி இறக்கிப் பிடிப்புக் கொடுத்த பிறகே மேலே சுற்ற வேண்டும். கிளைகளுக்கு ஒரே கம்பியின் இரு முனைகளால் அருகருகே உள்ள இரண்டு கிளைகளைக் கட்டுவது வழக்கம். நடுப்பகுதி தண்டை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். அந்தப் பிடிப்பு இல்லாமல் ஒற்றைக் கிளையில் தொற்றிய கம்பி எதையும் தாங்காது. தண்டு, பெரிய கிளை, சிறு கிளை, தளிர் என்ற வரிசையில், எப்போதும் அடியிலிருந்து நுனிக்குச் செல்லுங்கள். கம்பி 45 டிகிரிச் சாய்வில், கிளையைத் தொட்டுக்கொண்டு, ஆனால் இறுக்காமல் ஓட வேண்டும். இலை கம்பிக்கு அடியில் நசுங்கக் கூடாது.

வளைக்கும்போது இரண்டு கட்டை விரல்களையும் வளைவின் உட்புறம் அழுத்தி, மற்ற விரல்களால் வெளிப்புறத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். கம்பி வளைவின் வெளிப்புறத்தில் படிந்திருந்தால் பட்டை கிழியாது. மெல்லிய முறிவுச் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சிறு பிளவென்றால் கிளையைச் சற்றே பின்னுக்குத் தளர்த்தி, பிளவை மூடி, நாடாவால் இறுகச் சுற்றிவிட்டால் பெரும்பாலும் கூடிவிடும். விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையை வளைக்க நினைத்தால், நனைத்த ராஃபியா நாரையோ பழைய சைக்கிள் டியூப் பட்டையையோ முதலில் சுற்றி, அதன்மேல் கம்பி கட்டுங்கள். ஒரே நாளில் முழு வளைவும் வர வேண்டியதில்லை. இன்று பாதி, மூன்று வாரம் கழித்து மீதி.

கிளைகளை எப்படி வைப்பது? முதல் கிளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே, ஒரு பக்கமாகத் தாழ்ந்து நீளட்டும். இரண்டாவது எதிர்ப்பக்கம், சற்று உயரத்தில், சற்றுக் குட்டையாக. மூன்றாவது பின்பக்கம், அது இல்லாவிட்டால் மரம் தட்டையாகத் தெரியும். ஒவ்வொரு கிளையின் சிறு கிளைகளையும் விசிறியாக ஒரே தளத்தில் விரித்து, நுனிகளை மட்டும் மெல்ல மேலே தூக்கிவிடுங்கள். நுனி தலைகவிழ்ந்தால் அந்தத் தளிர் தளரும்.

தளங்களுக்கு இடையே இட்லித் தட்டு அடுக்கில் இருப்பதுபோல இடைவெளி வேண்டும். படங்களில் காணும் ஜப்பானிய மரங்களின் நெருக்கமான பச்சை மேகங்களை இங்கே அப்படியே செய்ய முயன்றால், நம் ஈரக் காற்றில் உள்ளே வெயிலும் காற்றும் போகாமல் உட்புற இலை பழுத்து உதிரும். அங்குள்ளவர் நெருக்கும் இடத்தில் நாம் ஒரு விரல் கூடுதலாக விட வேண்டும்.

காய்ந்த கட்டை

4 சென்டிமீட்டர் விட்ட கட்டைகள் நினைவிருக்கட்டும். அவற்றை ஜின் ஆக்கலாம். மின்னலும் பனியும் தாக்கிப் பட்டை உதிர்ந்து வெளுத்த கிளையின் தோற்றம் அது. கட்டையின் அடியில் பட்டையைச் சுற்றிலும் கத்தியால் கீறி, மூக்குக்குறடால் நசுக்கினால் பட்டை கழன்றுவரும். நுனியைக் குறடால் கவ்வி நார்நாராகக் கிழித்து இழுங்கள். கத்தியால் சீவிக் கூராக்கினால் பென்சில்போல இருக்கும். கிழித்தால்தான் இயற்கையாகத் தெரியும்.

சில வாரம் காயவிட்டு, சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். கட்டையை வெளுக்கவும் பூஞ்சையைத் தடுக்கவும் உலகெங்கும் போன்சாய்க்காரர்கள் பயன்படுத்துவது இதுதான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வெட்டவெளியில், கையுறை அணிந்து, மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுப் பூச வேண்டும். அமிலம் எதனோடும் கலக்கக் கூடாது; நச்சுவாயு கிளம்பும். நம் ஈரப்பதத்தில் கட்டை சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது மறுபூச்சு தேவை.

ஜப்பானின் ஒமியா போன்சாய்க் கிராமம் 1925-இல் உருவானது. டோக்கியோ நிலநடுக்கத்துக்குப் பிறகு தோட்டக்காரர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். அந்த ஒமியா மரபில் வந்த மசாஹிகோ கிமுரா மின்கருவிகளால் செதுக்கிய ஜூனிப்பர்களின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தண்டையே உரிக்க ஆசை வரும். அவை மலையில் நெடுங்காலம் வளர்ந்து தடித்த மரங்கள். உங்கள் செடியின் தண்டில் பட்டையை உரித்தால், அந்தக் கோட்டில் மேலே இருக்கும் கிளைக்கு நீர் போகும் பாதை அறுந்துபோகும். முதல் ஆண்டில் கட்டைகளில் ஜின் மட்டும் போதும்.

அடுத்த மூன்று மாதம்

வேலை முடிந்ததும் நன்றாக நீர் ஊற்றி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துக் காலை வெயில், நான்காவது வாரத்திலிருந்து பழைய இடம். முதல் மாதம் உரம் வேண்டாம். வெளிர் பச்சை நுனிகள் மீண்டும் தெரிந்த பிறகு, மெதுவாகக் கரையும் இயற்கை உரம் கொஞ்சம் போடலாம்.

நீர் ஊற்றும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து வைக்காதீர்கள். மேல்மண் அரை அங்குலம் காய்ந்ததும் ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். வறண்ட வாரத்தில் காலையும் மாலையும் தேவைப்படலாம். அடைமழை வாரத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். மழை விடாத நாட்களில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் துண்டை வைத்துச் சாய்த்துவிட்டால் தேங்கும் நீர் வடிந்துவிடும்.

இரண்டாவது மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை கம்பியை உற்றுப் பாருங்கள். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் காலக்கெடுவை நம்ப முடியாது. ஆண்டு முழுவதும் பருக்கும் கிளையைக் கம்பி சீக்கிரமே கடிக்கும். பட்டை கம்பியின் இருபுறமும் புடைக்கத் தொடங்கினால் உடனே எடுங்கள். சுற்றைப் பிரிக்க வேண்டாம், கம்பிவெட்டியால் துண்டு துண்டாக நறுக்கி உதிருங்கள். கிளை பழைய இடத்துக்கு எழும்பினால் சில வாரம் விட்டு, வேறு தடத்தில் மறுபடி கட்டலாம்.

மரம் சொல்லும் குறிகள்

ஜூனிப்பர் தன் நோயை மறைக்கும் மரம். வேர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். பழுப்பேறும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே நிறத்தை விட்டு, பளபளப்பைப் பாருங்கள். பச்சை சாம்பல்பூத்து, தொட்டால் காய்ந்த புல்லைப்போல நொறுங்கினால் வேரில் கோளாறு. தண்ணீரைக் கூட்டாமல், நீர் தேங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

உட்புறத்து முதிர்ந்த இலைகள் மட்டும் பழுத்தால் அது இயல்பு, கையால் உதிர்த்துவிடுங்கள். இலைப்பரப்பு புள்ளிபுள்ளியாக மங்கினால், வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த துகள்கள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. மழை படாத கூரையோரத்தில்தான் அது பெருகும். சில நாள் இடைவெளியில் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினால் தொடக்கத்திலேயே அடங்கும். மழைக்காலத்தில் இளநுனிகள் பழுப்பாகிச் சுருண்டால் பூஞ்சை. அந்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, மரத்தைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

தொட்டி மாற்றம்: அடுத்த ஆண்டு

வடிவமைத்த கையோடு அழகிய தட்டுத்தொட்டியில் ஏற்றிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். இலையையும் வேரையும் ஒரே நாளில் வெட்டினால் மரத்துக்கு மீள வழி எது? இரண்டுக்கும் இடையே ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம், விடுங்கள்.

நம் வட்டாரத்து மண் தொட்டிக்கு ஆகாது. கடலோரக் களிமண்ணும் கரிமண்ணும் நிறைந்த மாவட்டம் இது. இத்தகைய மென்மண்ணை ஆராய்வதற்கென்றே பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. ஜப்பானிய அக்காடாமா மண் கிடைத்தாலும் விலை அதிகம். எரிமலைக் கல், பியூமிஸ், சுட்ட மண், உடைத்த செங்கல், இவற்றில் கிடைப்பதைக் கலந்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் பருக்கையாகச் சலித்து, தூளைக் கழுவிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிய சில விநாடிகளில் அடியில் வழிந்தால் கலவை சரி.

தொட்டிக்கு ஆயர் ஈத்தாம் மட்பாண்டக் கடைகளுக்குப் போகலாம். மெருகு பூசாத மண்நிறத் தொட்டி ஜூனிப்பருக்குப் பொருந்தும். மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளம், தண்டின் அடிப்பருமனுக்குச் சற்றுக் கூடிய ஆழம். நம் வெயிலுக்கு ஆழம் கொஞ்சம் கூடியிருந்தால் நல்லது. துளைகள் பெரிதாக இருக்க வேண்டும். அவற்றின் வழியே கம்பி விட்டு வேர்க்கட்டியைத் தொட்டியோடு இழுத்துக் கட்ட வேண்டும். ஆடும் மரம் வேர் பிடிக்காது.

வேரைக் கழுவி அம்மணமாக்கக் கூடாது. முதல் தடவை வேர்க்கட்டியின் ஒரு பாதியில் மட்டும் பழைய மண்ணை உதிர்த்து மாற்றுங்கள். மறுபாதி அடுத்த தொட்டி மாற்றத்தின்போது.

கை பழக ஒரு சவுக்கு

ஓய்வு மாதங்களில் கை துறுதுறுக்கும். அதற்காகவே ஒரு சவுக்குச் செடி வாங்கி வையுங்கள். மலாய்க்காரர்கள் ரு என்று அழைக்கும் இந்தக் கடற்கரை மரம் நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பிறந்தது. தண்ணீர் அதிகம் கேட்கும், வெட்டினால் கட்டையிலிருந்தும் துளிர்க்கும். இந்தோனேசியக் கலைஞர்கள் இதை முதல்தர போன்சாயாக வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கம்பிச் சுற்று, வளைவு, விசிறி விரிப்பு எல்லாவற்றையும் இதில் தப்பும் தவறுமாகச் செய்து பழகலாம். நர்சரிக் கன்றையே வாங்குங்கள். கடற்கரையில் நிற்பதைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

ஓராண்டு அட்டவணை

பிப்ரவரி: முதல் வெட்டு, கம்பி.
மார்ச் முதல் மே வரை: நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றம், கம்பிக் கண்காணிப்பு, சிறிது உரம்.
ஜூன், ஜூலை: கடித்த கம்பியை அகற்றல், எழும்பிய கிளைக்கு மறுகம்பி. புது வெட்டு வேண்டாம்.
ஆகஸ்டு, செப்டம்பர்: நூல் கட்டி வைத்த கிளைகளில், மரம் தெம்பாக இருந்தால் மட்டும், ஒன்றிரண்டை வெட்டலாம். புகை வந்தால் அதுவும் வேண்டாம்.
அக்டோபர் முதல் ஜனவரி வரை: முழு ஓய்வு. வடிகால், பூஞ்சை, ஜின் பூச்சு, இவற்றை மட்டும் கவனித்தால் போதும்.
மறு பிப்ரவரி: தொட்டி மாற்றம், அல்லது இரண்டாவது வடிவமைப்பு. இரண்டில் ஒன்று மட்டும்.

அந்த மறு பிப்ரவரியில் நாட்காட்டி சம்மதித்தாலும் மரத்தின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். நுனிகள் மேலே மட்டுமின்றித் தாழ்ந்த கிளைகளிலும் வெளிர் பச்சையாக நீண்டிருக்கின்றனவா? வெட்டிய இடங்களுக்கு அருகே வந்த ஊசி இலைகள் அடங்கிச் செதில் இலை திரும்பிவிட்டதா? ஊற்றிய நீரைத் தொட்டி முன்பைவிட விரைவாகக் குடிக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கத்தரியை எடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அந்த ஆண்டு நீங்கள் மரத்துக்குச் செய்யும் வடிவமைப்பு வேலை தண்ணீர் ஊற்றுவது மட்டுமே.